அருள் சொன்னதுதான் சரி

மங்கையற்கரசி மூன்றாவது தடவையாகத் திருநீற்றைக் குழைத்துப் பூசினாள். அது கணவர் பொன்னம்பலத்தின் நெற்றியில் நிற்கவே மாட்டேன் என்றது. பியூனரல் ஹோம்காரர்கள் எதையோ அப்பி, அறுபத்தெட்டு வயது மனுசனைக் கல்யாண மாப்பிள்ளை ஆக்கிவிட்டிருந்தார்கள்.

“அம்மா, விடுங்கோ. ஆக்கள் வரத் தொடங்கீட்டினம்,” என்றாள் மகள் நிலாணி. “அருள்நாயகம் அங்கிளும் வந்திட்டார். வாசல்ல சப்பாத்தில ஒட்டின ஸ்னோவைத் தட்டிக்கொண்டு நிக்கிறார்.”

“வருவார்தானே. வராமல் விடுவாரே அவர்!”

நிலாணி தாயை ஒரு மாதிரிப் பார்த்துவிட்டுப் போனாள். மங்கையற்கரசிக்கு வயிறு எரிந்தது. செத்த வீட்டில் எரியக்கூடாத எரிச்சல் அது. எரிந்தால் அவள் என்ன செய்ய? சக்களத்தி என்றால் பெண்ணாகத்தான் இருக்க வேண்டுமா? மோர்னிங்சைட்டில் தன் மகள் வீட்டில் இருக்கிற, நரைமீசை வைத்த, பென்ஷன் எடுத்த சரித்திர வாத்தியாரும் சக்களத்தியாக இருக்கலாம்.

யாழ்ப்பாணத்தில் இரண்டு பேரும் ஒரே கல்லூரியில் இங்கிலாந்துச் சரித்திரம் படிப்பித்தவர்கள். அரசனின் தலையை வெட்டி, இனி அரசனே வேண்டாம் என்று நின்ற சனம், பதினொரு வருடத்தில் அதே அரசனின் மகனை ஏன் கூட்டிவந்து சிம்மாசனத்தில் இருத்தியது? இதுதான் வழக்கு. குடியரசின் தலைவன் குரோம்வெல் காலத்துக்கு முந்திச் செத்துப்போனான், மகன் ரிச்சர்ட் ஒரு வருடம்கூடத் தாக்குப்பிடிக்கவில்லை, தகப்பன் இருந்திருந்தால் குடியரசு நின்றிருக்கும் என்பார் பொன்னம்பலம். நூறு வயது இருந்தாலும் நின்றிராது என்பார் அருள்நாயகம். படையைக் காட்டிப் பாராளுமன்றத்தைக் கலைத்து, நாடகம் கூடாது, குதிரைப் பந்தயம் கூடாது என்று வாட்டிய ஆட்சியைச் சனம் ஒரு நாளும் மனதால் ஏற்கவில்லை என்பது அவர் கட்சி.

கனடாவுக்கு வந்த பிறகும் அது ஓயவில்லை. டோர்செட் பார்க் அப்பார்ட்மென்ட்டில் காலை பத்து மணிக்குப் போன் அடிக்கும். பொன்னம்பலத்தின் குரல் அப்போது இருபது வயதுப் பொடியனின் குரலாகிவிடும். சிரிப்பென்ன, சண்டையென்ன! ஒரு மணி நேரம் கழித்துப் போனை வைத்துவிட்டு மனைவியிடம் திரும்பி ஒரே ஒரு கேள்வி கேட்பார்.

“ரசம் இருக்கோ?”

இவ்வளவையும் அவள் பொறுத்தாள். முந்தாநாள் ஆஸ்பத்திரியில் நடந்ததைத்தான் பொறுக்க முடியவில்லை. கையைப் பிடித்தபடி அவள் இருந்தபோது அவர் கண்ணைத் திறந்தார். உதடு அசைந்தது. அவள் காதைக் கொண்டுபோனாள்.

“அருளுக்குச் சொல்லு. அருள் சொன்னதுதான் சரி. குரோம்வெல் இருந்தாலும் நிண்டிராது.”

அவ்வளவுதான். அரை மணி நேரத்தில் முடிந்துவிட்டது.

முப்பத்தெட்டு வருடக் குடித்தனம். கொழும்பில் வீடு வாங்க வேண்டாம் என்று காலில் விழாத குறையாகச் சொன்னாள், வாங்கினார், எண்பத்துமூன்று கலவரத்தில் எரித்தார்கள். சாம்பலைப் பார்த்துக்கொண்டு நின்றபோதுகூட ‘நீ சொன்னது சரி’ என்று அந்த வாயிலிருந்து வரவில்லை. போகிற மூச்சில் வந்தது, அதுவும் யாருக்கு! கொடுக்கமாட்டேன், இது என்னோடு போகட்டும் என்று அவள் பல்லைக் கடித்துக்கொண்டாள்.

அருள்நாயகம் பெட்டிக்கு முன்னால் வெகுநேரம் நின்றார். பிறகு கதிரையில் இருந்த அவளிடம் வந்தார்.

“தங்கச்சி, வியாழக்கிழமை போன்ல சண்டை பிடிச்சனான். சரித்திரத்தில உனக்கு என்னடா தெரியும் எண்டு கேட்டிட்டு டக்கெண்டு வைச்சிட்டன். கடைசியா எனக்கு ஏதும் சொன்னவனோ?”

பின்னால் வரிசையில் சனம் காத்து நின்றது. மங்கையற்கரசி நிமிர்ந்து அவரைப் பார்த்தாள்.

“ஓம், சொன்னவர். குரோம்வெல் இன்னும் பத்து வருசம் இருந்திருந்தா நிண்டிருக்குமாம்.”

“சாகேக்கையும் விடேல்லையே, உவன்!” அவர் அழுகையும் சிரிப்புமாக மூக்கைத் துடைத்தார். “பிழை, தங்கச்சி. படைக்கே சம்பளம் குடுக்க வழியில்லாமல் நிண்ட ஆட்சி அது.”

“சம்பளம் பிந்தினதுதான். அந்தாள் இருக்குமட்டும் படை அடங்கித்தானே கிடந்தது? ரிச்சர்டுக்கு ஆர் பயந்தது?”

அருள்நாயகத்தின் வாய் திறந்தபடியே நின்றது. “உங்களுக்கு உதெல்லாம் என்னெண்டு தெரியும்?”

“ஒரு பெட்ரூம் வீடு, மாஸ்டர். பத்து மணிக்கு நான் எங்க போறது?”

அவள் விடுவதாக இல்லை.

“சனம் பழகியிருக்கும், மாஸ்டர். அரசன் இல்லாமல் பிறந்து வளந்த பிள்ளையளுக்கு அரசன் என்னத்துக்கு? கனக்கக் கேக்கேல்லை. பத்து வருசம். பத்து வருசம் இருந்திருந்தா...” அவள் கண் பெட்டிக்குப் போனது.

அருள்நாயகமும் பெட்டியைத் திரும்பிப் பார்த்தார். முப்பது வருடமாக ஒரு அங்குலம் விட்டுக்கொடுக்காத மனுசன், தொப்பியைக் கையில் வைத்து உருட்டிக்கொண்டு நின்றார்.

“ஓம், தங்கச்சி,” என்றார். “நீங்கள் சொல்லுறது சரி. நிண்டிருக்கும்.”

மங்கையற்கரசி பக்கத்துக் கதிரையில் கிடந்த தன் கோட்டை எடுத்து மடியில் வைத்தாள். அவர் அந்தக் கதிரையில் வந்து இருந்தார்.