கேப்டன் க்ரூமுக்குக் கண்ணீர் அஞ்சலி

தான் இறந்துபோன செய்தி மெத்தோதி கானெவுக்கு ரொட்டிக் கடை வாசலில்தான் தெரிந்தது. மின்கம்பத்தில் ஒட்டியிருந்த அஞ்சலித் தாளில், கறுப்புக் கட்டத்துக்குள், அவருடைய முகம். லோவெச் ஊரில் யார் போய்ச் சேர்ந்தாலும் கம்பத்திலும் கதவிலும் பேருந்து நிறுத்தத்திலும் தாள் ஒட்டிவிடுவார்கள். காலையில் ரொட்டி வாங்கப் போகிறவர்கள், ஊரில் இன்னும் யார் யார் மிச்சம் என்று பார்த்துக்கொண்டே போவார்கள். மெத்தோதியும் அப்படித்தான் பார்த்தார். பக்கத்தில் நின்ற கிழவர் தாளைப் பார்த்தார், இவரைப் பார்த்தார், சிலுவை போட்டுக்கொண்டு ரொட்டி வாங்காமலே திரும்பிவிட்டார்.

ஊரின் அஞ்சலித் தாள்களெல்லாம் ரலித்சாவின் சவப்பெட்டிக் கடையில்தான் அச்சாகும். மெத்தோதி நேரே அங்கே போனார்.

"ஏம்மா, நான் எப்ப செத்தேன்?"

மலர்வளையத்துக்கு ரிப்பன் கட்டிக்கொண்டிருந்த ரலித்சா தலையைத் தூக்கவில்லை. "நீங்க சாகலண்ணே. கேப்டன்தான் செத்தாரு. கீழ என்ன போட்டிருக்குன்னு படிச்சீங்களா?"

படித்தார். 'ஆழ்ந்த துயரத்துடன் அறிவிக்கிறோம். எங்கள் அன்புக் கேப்டன் க்ரூம் எங்களை விட்டுப் பிரிந்தார்' என்று பெரிய எழுத்தில் இருந்தது. அதற்குக் கீழே, எறும்பு மட்டுமே படிக்கக்கூடிய எழுத்தில், 'முதல் பருவம் முடியுமுன்னே, தொலைக்காட்சிக்காரர்கள் கையால்' என்று இருந்தது.

"மூஞ்சி என்னோடதாச்சே."

"கேப்டனுக்கு வேற மூஞ்சிக்கு நான் எங்கண்ணே போவேன்?"

விஷயம் இதுதான். 'ஒன்பதாவது சுற்றுப்பாதை' என்று ஒரு விண்வெளித் தொடர் வந்தது. அதில் கேப்டன் க்ரூமாக நடித்தவர் மெத்தோதி. விண்கலத்தின் வெளிக்கதவை யாரோ தட்டுகிறார்கள், கேப்டன் தாழ்ப்பாளில் கை வைக்கிறார், அந்த இடத்தில் தொடரை நிறுத்திவிட்டு, அந்த நேரத்தைச் சூப் வைக்கும் போட்டிக்குக் கொடுத்துவிட்டார்கள். லோவெச்சில் அந்தத் தொடருக்கு இருந்த ரசிகர்கள் மொத்தமும் ரலித்சாவின் கடையில் சவப்பெட்டிகள்மேல் உட்கார்ந்து பார்த்தவர்கள்தான். கதவைத் தட்டியது யார் என்று தெரியாமல் ரலித்சாவுக்கும் அவர்களுக்கும் சோறு இறங்கவில்லை. அந்த ஆத்திரத்தில் அடித்து ஒட்டியதுதான் தாள்.

மெத்தோதியின் வருத்தம் வேறு. அவர் பிழைப்பு சிறுவர் நாடக அரங்கில் ஓநாய் வேஷம். வாழ்நாளில் அவருடைய சொந்த முகத்தை நாலு பேர் பார்த்தது அந்தக் கேப்டன் உடுப்பில்தான். அதை மறுபடி ஒருமுறை போட்டுவிட வேண்டும் என்று, ஐம்பது தாண்டிய மனிதர் வெளியே சொல்ல வெட்கப்படும் அளவுக்கு, அவருக்கு ஆசை இருந்தது.

"தாளைக் கிழிச்சுடும்மா."

"ஒட்டின தாளைக் கையால கிழிக்கக் கூடாதுண்ணே. மழையும் காத்தும் பாத்துக்கும்."

மழைக்கு முன்னால் கெர்லிண்ட் வந்துவிட்டாள். வியன்னாப் பத்திரிகைக்காரி, ஆற்றின்மேல் கூரை போட்டுக் கட்டிய ஊர்ப் பாலத்தைப் பற்றி எழுத வந்தவள். கம்பத்துக்குக் கம்பம் ஒரே முகம் இருக்கக் கண்டு, கைப்பேசியைக் காட்டி மொழிபெயர்க்கச் சொன்னாள். பெரிய எழுத்தை அது படித்தது. சின்ன எழுத்து அதன் கண்ணுக்கும் தெரியவில்லை. பேருந்து வராத கடுப்பில் நின்ற கூட்டத்தை அவள் எடுத்த படம், 'துயரத்தில் உறைந்த நகரம்' என்ற தலைப்போடு வியன்னாவில் வெளிவந்தது.

அப்புறம் காக்காய் காக்காயாக வாந்தியெடுத்த கதைதான். நடிகர் மேடையிலேயே உயிர் விட்டதாக இத்தாலியில் எழுதினார்கள். கரடியிடமிருந்து குழந்தையைக் காப்பாற்றப் போய் மாண்டதாகப் போர்ச்சுகலில் எழுதினார்கள். தன் சாம்பலை விண்வெளிக்கு அனுப்பச் சொல்லிவிட்டுப் போனார் என்றது பின்லாந்து. ஆனால் எல்லாரும் ஒரே குரலில் சொன்னது, 'அந்த ஒப்பற்ற கண்கள்'. பக்கத்து வீட்டு ஆசிரியை ஒவ்வொன்றாகப் படித்துச் சொல்ல, கண்கள் வந்த இடத்தில் மட்டும் மெத்தோதி இன்னொரு தடவை படிக்கச் சொன்னார்.

யானை இருந்தாலும் ஆயிரம் பொன், இறந்தாலும் ஆயிரம் பொன். மெத்தோதி இருந்தபோது செல்லாக்காசு. ஓநாய் வேஷத்துக்கு அரை வரி கூட ஒதுக்காத உள்ளூர்ப் பத்திரிகை, வெளிநாட்டுச் செய்திகளைப் பார்த்தெழுதி 'ஐரோப்பாவே அழுகிறது' என்று முதல் பக்கம் போட்டது. கலைஞர்களை உயிரோடு இருக்கும்போது நாம் மதிப்பதில்லை என்று தலையங்கத்தில் ஒரு பாட்டம் அழுதும் தீர்த்தது. நான் உயிரோடுதான் இருக்கிறேன் என்று சொல்ல மெத்தோதி அந்தப் பத்திரிகையைத் தொலைபேசியில் கூப்பிட்டார். ஆசிரியர் உங்களைப் பற்றித்தான் எழுதிக்கொண்டிருக்கிறார், இப்போது தொந்தரவு செய்ய முடியாது என்றார்கள்.

அந்த வாரமே தலைநகர் சோபியாவிலிருந்து தொலைக்காட்சிக்காரர்கள் அறிவித்தார்கள்: மறைந்த கேப்டனின் நினைவாகத் தொடர் மீண்டும் வருகிறது. ரலித்சா கடையில் ரசிகர்கள் சவப்பெட்டிகளைத் தட்டித் தாளம் போட்டார்கள். மெத்தோதி உடனே நிகழ்ச்சி இயக்குநர் ஹரலாம்பியைக் கூப்பிட்டார்.

"சார், நான் மெத்தோதி கானெவ். சாகல. நாளைக்கே கெளம்பி வரேன்."

மறுமுனையில் பெருமூச்சு கேட்டது. "அடடா. உங்களுக்கு நல்லதுதான், எங்களுக்குத்தான் சிக்கல். நீங்க செத்துப்போனதாலதான் தொடரை மறுபடி எடுக்கறோம். நீங்க இருக்கீங்கன்னா, அது நாங்க நிறுத்தின பழைய தொடர்தானே?"

"அப்ப கேப்டனா யாரு?"

"ஒரு சின்னப் பையன பாத்து வெச்சிருக்கோம். நல்ல பல்லு. நீங்க கொஞ்ச நாள் வாயத் தெறக்காம இருங்க, உங்களுக்குப் புண்ணியமாப் போகும்."

மெத்தோதிக்கு ஆத்திரம் தலைக்கேறியது. செத்ததாகச் சொன்னதைக்கூடப் பொறுத்துக்கொண்டார். பல்லைப் பொறுக்க முடியவில்லை.

நாற்பதாம் நாள் வந்தது. கல்லறை இல்லாததால் ரொட்டிக் கடைக் கம்பத்தடியிலேயே நினைவுச் சடங்கு. ரலித்சா சர்க்கரையும் வாதுமைக்கொட்டையும் தூவிய அவித்த கோதுமையைக் கிண்ணம் கிண்ணமாகக் கொடுத்தாள்; வாங்கியவர்கள் "கடவுள் அவரை மன்னிக்கட்டும்" என்று சொல்லித் தின்றார்கள். கெர்லிண்டோடு இன்னும் நாலைந்து நாட்டுப் பத்திரிகையாளர்கள் குறிப்பேடும் கையுமாக நின்றார்கள்.

அன்று பார்த்து, ஓநாய் சாகும் காட்சியை இன்னொரு தரம் காட்டச் சொல்லி அரங்கில் பிள்ளைகள் கூப்பாடு போட்டுவிட்டார்கள். தாமதமான மெத்தோதி உடை மாற்றக்கூட நிற்காமல் ஓடிவந்தார். ஓநாய்த் தலை கக்கத்தில், முகமெல்லாம் வேர்வையில் வழிந்த கறுப்புச் சாயம், வால் பின்னால், அடையாள அட்டை அரங்கில் கழற்றிப் போட்ட கால்சட்டையில்.

"நிறுத்துங்க. நான்தான் கேப்டன் க்ரூம்."

கோதுமை மெல்லும் சத்தம் நின்றது. அவர் நிமிர்ந்து நின்று, கலத்தில் ஆளை அதட்டும் அந்தக் குரலிலேயே பேசினார். தான் சாகவில்லை என்றார், தன் இடத்தில் இன்னொருத்தனை நிறுத்த எவனுக்கும் உரிமையில்லை என்றார், குரல் உடைந்து, அந்த உடுப்பு தனக்கு வேண்டும் என்றார். அவ்வளவு நன்றாக அவர் எந்த மேடையிலும் பேசியதில்லை. கைப்பேசி மொழிபெயர்த்ததைக் கேட்ட கெர்லிண்ட் கண்ணைத் துடைத்துக்கொண்டு ரலித்சாவிடம் திரும்பினாள்.

"இந்த மனிதர் யார்?"

ரலித்சா ஓநாயைப் பார்த்தாள். உண்மையைச் சொன்னால் தொடர் போச்சு, கதவு திறக்காது.

"பாவங்க. கேப்டனோட ரொம்பப் பழகினவரு."

சுற்றி நின்ற ரசிகர்கள் ஆமாம் ஆமாம் என்றார்கள். கெர்லிண்ட் அவருடைய ரோமக் கையைப் பிடித்துத் தடவிக் கொடுத்தாள். மெத்தோதிக்குச் செத்துவிடலாம் போல இருந்தது. வேறு யார் சொல்லியிருந்தாலும் பரவாயில்லை, ரலித்சா சொல்லிவிட்டாளே என்று நெஞ்சு வலித்தது.

"இதுக்கு என்னை நெசமாவே பெட்டியில வெச்சு ஆணி அடிச்சிருக்கலாம்மா."

"கதவு தெறக்கட்டும்ண்ணே, அப்புறம் உங்க கால்ல விழறேன்," என்று முணுமுணுத்தாள் ரலித்சா. அவளும் அழுதுகொண்டுதான் இருந்தாள்.

'தன்னையே கேப்டன் என்று நம்பும் ஓநாய்' என்று வியன்னாவில் வந்தது. அடுத்த நாள் எல்லா நாட்டிலும் அதுதான். பின்லாந்துக்காரர்கள் அவரை மருத்துவமனையில் சேர்க்க நன்கொடை திரட்டினார்கள். மெத்தோதி கதவைச் சாத்திக்கொண்டு, ரலித்சா அனுப்பிய சீஸ் பலகாரத்தைத் தொடாமல் கிடந்தார். அப்போது ஹரலாம்பி கூப்பிட்டார்.

"ஓநாய் நீங்கதானே?"

"நான்தான். வாயத் தெறக்காதேன்னு இனிமே சொல்லாதீங்க. உயிரோட இருக்கேன்னு ஊர் ஊராப் போய்ச் சொல்லுவேன்."

"தாராளமாச் சொல்லுங்க, எவன் நம்பப் போறான்? கேளுங்க சார். கதையில கேப்டன் செத்துட்டாரு. ஆனா கலத்துல ஒருத்தன் இருக்கான், தான்தான் கேப்டன்னு நெனச்சுக்கிட்டுத் திரியறான். வெளிநாட்டுக்காரங்களுக்கு இப்ப அவன்தான் வேணுமாம். பல்லுக்காரப் பையன வீட்டுக்கு அனுப்பிட்டோம்."

மெத்தோதி எழுந்து உட்கார்ந்தார். "அவனுக்கு என்ன உடுப்பு?"

"கேப்டன் உடுப்புதான்."

"எங்க நிப்பான்?"

"கேப்டன் நிக்கற எடத்துல."

"மத்தவங்க அவன என்னன்னு கூப்பிடுவாங்க?"

"பாவம்னு கேப்டன்னுதான் கூப்பிடுவாங்க. ஆமா, பைத்தியக்காரனா நடிக்க வருமா உங்களுக்கு?"

மெத்தோதிக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அதை அவர் மறைக்கவில்லை.

"வராதுங்க. எனக்குக் கேப்டனா நடிக்க மட்டுந்தான் வரும்."

"அதையே செய்ங்க," என்றார் ஹரலாம்பி. "ஒருத்தரும் நம்பாமப் பாத்துக்கறது எங்க பொறுப்பு."