சிவப்பு முடிச்சு

பல் மருத்துவரின் காத்திருப்பு அறையில் பாபின் முட்டி போட்டுத் தரையைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். வெளியே அப்போதுதான் வெளுக்கத் தொடங்கியிருந்தது. ஓடுகளுக்கு நடுவே படிந்த கறுப்பை எடுக்கப் பழைய பல் துலக்கும் பிரஷ்தான் தோது. "டாக்டர் மேல தேய்க்கிறாரு, நான் கீழ தேய்க்கிறேன்" என்று முதல் நாள் அவள் சொன்னபோது தம்பி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். பினாயில் நெடி கண்ணைக் கரித்தது. மடித்துப் போட்ட கோணிச் சாக்கையும் மீறித் தரையின் குளிர் முட்டிக்குள் ஏறியது. துணியைப் பிழிந்து பிழிந்து விரல் நுனிகள் ஊறிச் சுருங்கிவிட்டன. இந்தக் கைதான் இன்னும் சற்று நேரத்தில் சட்டைக் காலரை ஊசிக்கு அடியில் தள்ள வேண்டும்.

அவள் சட்டைத் தொழிற்சாலையில் தையல்காரி. ஒல்லி உடம்பையும் ஓயாத ஓட்டத்தையும் பார்த்து தையல் வரிசையில் யாரோ வைத்த பெயர் பாபின், மெஷினுக்கு அடியில் சுழலும் சின்ன நூல் உருளை. சொந்தப் பெயர் சம்பளச் சீட்டில் மட்டும் இருந்தது.

துப்புரவுத் தொழில் அவளுடைய யோசனை. தோள்பட்டை இரவெல்லாம் குடைந்தது. மெஷின் முன்னால் காலம் முழுக்கக் குனிந்திருக்க முடியாது. வேலையை விடாமல், தொழிற்சாலைச் சங்கு ஊதுவதற்கு முன் கிடைக்கும் அதிகாலையில் சில அலுவலகங்களைத் துடைத்துக் கொடுக்கலாம். தொழில் காலூன்றியதும் மெஷினை விட்டு எழுந்துவிடலாம். தம்பியிடம் சரக்கு வண்டி இருந்தது. வாடிக்கை பிடிக்க வாயும் இருந்தது.

தடை ஒன்றுதான். தொழிற்சாலையில் வேலை பார்ப்பவர் வெளியே வேறு தொழில் செய்யக் கூடாது. தெரிந்தால் வேலை போகும். ஆகவே பதிவு, பெயர்ப்பலகை, ஒப்பந்தம் எல்லாம் தம்பி பெயரில் ஆயின. "யார் பேர்ல இருந்தா என்னக்கா, நமக்குள்ள" என்றான் அவன். அவளும் அப்படித்தான் நினைத்தாள். கூடப் பிறந்தவனிடம் யார் எழுதி வாங்குவார்கள்?

வேலை முறையை வகுத்தவள் அவள். அதிலும் ஒன்று கற்றுக்கொண்டது. தொழிற்சாலையைப் பெருக்கித் துடைக்கும் மூன்று பெண்களில் ஒருத்திக்கு வாளி என்று பெயர். தன் வாளியை அடுத்தவர் தொட விடமாட்டாள். எவ்வளவு அவசரமாகக் கேட்டாலும் "வேற பாரு" என்பாள். கழிப்பறைத் துணி தவறிப்போய் மேசைக்கு வந்துவிடாமலிருக்க, அதன் மூலையில் சிவப்பு நூலால் ஒரு முடிச்சுத் தையல் போடுவாள். பாபின் தொழில் தொடங்குவதை அவளிடம் மட்டும்தான் ரகசியமாகச் சொன்னாள். அன்று சாப்பாட்டு இடைவேளையில் பக்கத்தில் உட்காரவைத்து அந்த முடிச்சைப் போடச் சொல்லிக்கொடுத்தாள் வாளி. துவைத்தாலும் பிரியாது, இருட்டிலும் விரலே சொல்லிவிடும் என்றாள்.

வாடிக்கை கூடியது. கூடக் கூடத் தம்பியின் கை நனைவது குறைந்தது. சட்டை மடிப்புக் கலையாமல் வந்து, அவளை இறக்கிவிட்டுப் போனான். பெரிய இடம் ஒன்று கிடைத்திருப்பதாக ஒரு நாள் சொன்னான். அங்கே வேறு ஆள் போட்டுக்கொள்வதாகவும், அவள் வந்தால் ஷிப்டுக்குத் தாமதமாகிவிடும் என்றும் சொன்னான். எந்த இடம் என்று கேட்டாள். கண் பட்டுவிடும், முடியட்டும் என்று சிரித்தான். அவள் செய்ய வேண்டியது துடைக்கும் துணி தைப்பது மட்டும்தான், நிறைய வேண்டும். ஞாயிற்றுக்கிழமை பொழுதுக்கும் உட்கார்ந்து சிவப்பு முடிச்சுப் போட்டாள். தோள் கழன்று விழும்போல் இருந்தும் ஏதோ பாட்டை முணுமுணுத்துக்கொண்டே போட்டாள்.

மறுநாள் காலை பல் மருத்துவரின் அறையைத் துடைத்து முடித்து அவள் வந்தபோது, தொழிற்சாலை வாசலுக்கு வெளியே வாளியும் மற்ற இரண்டு பெண்களும் நின்றிருந்தார்கள். துப்புரவு இன்று முதல் கான்ட்ராக்ட், உங்கள் அட்டை செல்லாது என்று காவலாளி அவர்கள் முகத்தைப் பார்க்காமல் சொன்னான். வாளியுடைய வாளியை மட்டும் வெளியே எடுத்து வைத்திருந்தான். அந்த அளவுக்கு அவனுக்கும் மனசு இருந்தது. பாபின் உள்ளே போய்க் கேட்டுவருவதாகச் சொல்லிவிட்டுப் போனாள்.

உணவுக்கூடத்தில் முன்பின் பார்த்திராத ஒரு பெண் சாப்பாட்டு மேசையைத் துடைத்துக்கொண்டிருந்தாள். கையிலிருந்த துணியின் மூலையில் சிவப்பு முடிச்சு இருந்தது.

பாபின் கிட்டே போய்ப் பார்த்தாள். தன் கைத்தையல் தனக்குத் தெரியாதா?

"அது கக்கூஸ் துணிம்மா" என்றாள்.

அந்தப் பெண் துணியைச் சட்டென்று கீழே போட்டாள். யாரும் சொல்லவில்லை என்றாள். வண்டியில் கொண்டுவந்து இறக்கி, சீக்கிரம் முடிங்க என்றதோடு சரி. வண்டிக்காரர் பின்வாசலில்தான் நிற்கிறார் என்று கை காட்டினாள்.

பாபின் துணியை எடுத்துக்கொண்டு பின்வாசலுக்குப் போனாள். வண்டியில் சாய்ந்து நின்ற தம்பி அவளைக் கண்டதும் நிமிர்ந்தான்.

"உனக்காகத்தான்க்கா. இது ஒண்ணு நின்னுட்டா நீ மெஷினை விட்டு எழுந்துரலாம்."

"வெளிய நிக்கிறாங்களே, அவங்க?"

"அவங்களை வேண்டாம்னு நான் சொல்லல. நான் வராட்டி வேற எவனாவது வந்திருப்பான்."

"எவனாவது வந்திருந்தா என் துணியோட வந்திருக்க மாட்டான்."

அப்போது முதலாளி மாடிப்படி இறங்கி வந்தார். அக்கா தம்பி வழக்கை வீட்டில் வைத்துக்கொள்ளும்படி சொன்னார். அவருக்கு எல்லாம் தெரிந்திருந்தது. பாபின் தம்பியைப் பார்த்தாள். அவன் வண்டிச் சாவியைப் பார்த்தான். தொழிலை எடுத்துக்கொண்டது போதாமல், அவள் ரகசியத்தையும் கொண்டுபோய் பேரத்தில் வைத்திருந்தான். அவள் சாப்பாட்டில் பாதியைத் தின்று வளர்ந்தவன்.

"வெளியில தொழில் பண்றது தப்பு. நான் கண்டுக்கல" என்றார் முதலாளி. "நீயும் கண்டுக்காதே. மெஷினும் இருக்கும், கான்ட்ராக்டும் இருக்கும்."

"அந்த மூணு பேரு?"

"உன் தம்பிகிட்டயே சேரட்டும். பாதிச் சம்பளம்னாலும் சம்பளம்தானே?"

"பாதி வயிறு யாருக்கும் இல்லீங்களே."

"பேச வருது. போய் மெஷின்ல உக்காரு."

போய் உட்கார்ந்தாள். துணியை மெஷின் மேல் வைத்தாள். பெடலில் கால் வைத்தால் இரண்டு வருமானம். வாயைத் திறந்தால் ஒன்றும் மிஞ்சாது. பக்கத்து மெஷின்காரி என்னவென்று கண்ணால் கேட்டாள். பாபின் எழுந்து நின்றாள். துணியைத் தூக்கிக் காட்டி, இதைத் தைத்தவள் நான், அந்தத் தொழிலும் என்னுடையது, இங்கே வருவது எனக்குத் தெரியாது என்று எல்லார் காதிலும் விழச் சொன்னாள்.

"தம்பியை முன்னால விட்டு நீ பின்னால நின்னுக்கிட்டியாக்கும்" என்றது ஒரு குரல்.

அந்தச் சொல் அவளை அறைந்தது. அதில் பாதி உண்மை இருந்ததால் ஓங்கியே அறைந்தது.

"நம்புறவங்க நம்புங்க. நான் வெளிய போறேன்" என்று சுவிட்சை அணைத்தாள்.

அந்த மெஷின் நின்றபின்தான் மற்றவற்றின் இரைச்சல் எவ்வளவு என்பது தெரிந்தது. இஸ்திரிக்காரர் பெட்டியை நிமிர்த்தி வைத்தார். ஆவி சீறி அடங்கியது. "இன்னைக்கு வாளி. அடுத்தது என் இஸ்திரிதான்" என்று சொல்லிக்கொண்டே செருப்பை மாட்டினார். பக்கத்து மெஷின்காரி எழுந்தாள். பொத்தான் வரிசையில் பலர் எழுந்தார்கள். சிலர் குனிந்த தலையை நிமிர்த்தவேயில்லை. உணவுக்கூட வாசலில் அந்தப் புதுப்பெண் துடைப்பக் கட்டையைச் சுவரில் சாய்த்துவிட்டு, யாரும் கூப்பிடாமலே பின்னால் வந்தாள்.

வாசலில் வாளி, பாபின் கையிலிருந்த துணியைத்தான் முதலில் பார்த்தாள்.

"நான் சொல்லிக் குடுத்த முடிச்சு" என்றாள். முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

பாபின் நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னாள். பின்வாசல் பக்கம் தம்பியின் வண்டி உறுமுவது கேட்டது. அது கிளம்பவில்லை; உறுமிக்கொண்டே நின்றது. மேற்பார்வையாளர் வந்து, அடுத்த சங்கு ஊதும்போது உள்ளே இல்லாதவர்களுக்கு இனி வேலை இல்லை என்று அறிவித்துவிட்டுப் போனார். பாபின் குனிந்து முட்டியைத் தேய்த்துக்கொண்டாள். விடியலில் போட்ட மண்டி இப்போதுதான் வலித்தது.

சங்கு ஊதியது. நீளமாக ஊதி ஓய்ந்தது. இஸ்திரிக்காரர் இருமினார். ஒருவரும் நகரவில்லை.

வாளி தன் வாளியைத் தூக்கி, உள்ளிருந்த துணிகளை இடுப்பில் செருகிக்கொண்டு, அதைக் கவிழ்த்துப் பாபின் பக்கம் தள்ளினாள்.

"உக்காரு" என்றாள். "இன்னும் ரொம்ப நேரம் இருக்கணும்."