ஐந்து வாட்

மலைக்கிராமங்களில் வெள்ளம் வந்தால் கைபேசிக் கோபுரங்கள்தான் முதலில் படுத்துவிடும். அதனால் மீட்பு வேலைக்கு, கோபுரம் இல்லாமலே பேச உதவும் புதிய ஹாம் ரேடியோ வாங்க உள்ளூர் மீட்புச் சங்கம் முடிவு செய்தது. இரண்டு கருவிகளைச் சோதித்துச் சொல்லும் பொறுப்பு கெத்திவேவுக்கும் அவள் தம்பி மெலூசிக்கும் வந்தது. வண்டியில் பொருத்தும், குரலை வெகுதூரம் அனுப்பும் ஐம்பது வாட் கருவி அவளுக்குப் பிடித்திருந்தது. அவனுக்குத் தோள்பையில் அடங்கும் ஐந்து வாட் கருவி.

"உன்னுதைத் தூக்க ஒரு கழுதையும் வாங்கணும், அக்கா."

"உன்னுதைத் தூக்கலாம்டா. பேசுமா?"

அங்கே மழைக்காலமான ஜனவரியில் ஒரு மதியம். மேட்டில் வண்டியை நிறுத்தி, மதியச் சாப்பாட்டுக்குக் கொண்டுவந்த கோழிக்கறியோடு அவள் உள்ளே உட்கார்ந்தாள். அவன் உம்கோமாசி ஆற்றை நோக்கி இறங்கினான். சரிவிலிருந்து பேசியது தெளிவாக வந்தது. ஆற்றை எட்டியிருப்பான் என்று நினைத்த நேரத்தில் இரைச்சல் மட்டும் வந்தது. தொலைவில் மலைமேல் இடி முழங்கியது.

"கேக்கலை. எனக்கு ஒரு புள்ளி."

மறுபடி இரைச்சல்.

"இப்பவும் கேக்கலை. ரெண்டு."

மூன்றாம் முறை இரைச்சலுக்குள் டக், டக் என்று ஏதோ விட்டுவிட்டுத் தட்டியது. அவளுக்குச் சிரிப்பு வந்தது.

"பேச வரலைன்னு தாளம் போடுறியா? மேல வாடா, கோழி ஆறுது."

அரை மணியாகியும் அவன் வரவில்லை. இறங்கி ஓடினாள். ஆறு செம்மண் நிறத்தில் கரையை முட்டிக்கொண்டு ஓடியது. எதிர்க்கரையில் கயிற்றுச் சுருளோடு ஒரு மாடு மேய்ப்பவர் தலையில் கை வைத்து நின்றார்.

மூன்றாம் நாள்தான் உடல் கிடைத்தது. அடக்கத்துக்கு வந்த அந்த மேய்ப்பர் சொன்னார்:

"நடுப்பாறையில நின்னான்மா. மலைத்தண்ணி திடீர்னு வந்து சுத்திக்கிச்சு. காப்பாத்துங்கன்னு பெட்டியில கத்திக்கிட்டே இருந்தான். அப்புறம் பொத்தானை விட்டுவிட்டு அமுக்கினான். நீங்க பேசினது கரையில எனக்கே கேட்டுச்சு."

"நான் பேசினதா?"

"கோழி ஆறுதுன்னீங்க. பெட்டியைக் காதோட வச்சுக்கிட்டான். நான் கயித்துக்கு ஓடினேன். திரும்பி வந்தா ஆளில்லை."

 

இரண்டு வாரம் கழித்துச் சங்கச் செயலாளர் தயங்கித் தயங்கி அழைத்தார். "மழைக்காலம் முடியலை. எதை வாங்கட்டும், கெத்திவே?"

பெரியதை என்று சொல்ல வாயெடுத்தாள். அதைத் தூக்கிக்கொண்டு அந்தப் பாறைக்கு யார் போயிருக்க முடியும்?

"எனக்குத் தெரியலைங்க," என்றாள். "வேற யாரையாவது கேளுங்க."