இரண்டாம் முறை தொட்டார்

சகாயராணி ஆண்டுக்கு ஒரு முறை விவிலியத்தை முழுவதும் வாசித்துவிடுவாள். பதினொரு ஆண்டுகளாக அப்படித்தான். திண்டுக்கல் வீட்டு அடுப்படியில் காலைக் காபி கொதித்து முடிவதற்குள் மூன்று அதிகாரம். பங்குக் கோயிலில் கொடுத்த அட்டவணையில் ஒரு டிக். பிறகு தையல் மிஷின் பக்கம் போய்விடுவாள்.

அவள் கணவர் ரொனால்டு, வத்தலக்குண்டு தடத்தில் பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். இந்த ஆவணியில் அவருக்குக் கண்புரை ஆபரேஷன் நடந்தது. கொஞ்ச நாளைக்குப் படிக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

"ராணி, நீ படிக்கிறத எனக்கும் கேக்குற மாதிரி படியேன்" என்றார்.

அன்றோடு அட்டவணை கெட்டது. நாலு வரி போவதற்குள் "செத்த நிறுத்து" என்பார். கண்ணை மூடி உட்கார்ந்திருப்பார். "இப்ப அதையே மறுபடி படி."

"ஏங்க, இது என்ன டவுன் பஸ்ஸா, அம்புட்டு ஸ்டாப்புலயும் நிக்கிறதுக்கு?"

"எறங்கிப் பாத்தாத்தானே ஊரு தெரியும்?"

பத்தாம் நாள் மாற்கு நற்செய்தி. பெத்சாய்தாவில் பார்வையற்ற ஒருவரை இயேசு தொட்டு, ஏதாவது தெரிகிறதா என்று கேட்கிறார். மனிதர்கள் நடமாடும் மரங்கள்போலத் தெரிகிறார்கள் என்கிறார் அவர். இயேசு மறுபடியும் கண்களைத் தொட, எல்லாம் தெளிவாகிறது.

ரொனால்டு தொடையைத் தட்டிச் சிரித்தார். "கட்டுப் பிரிச்சன்னைக்கு நீயும் அப்படித்தான் தெரிஞ்ச! சேலை கட்டுன வேப்பமரம் ஒண்ணு வந்து, காபி குடிக்கிறீகளான்னு கேட்டுச்சு."

அவர் தோளில் செல்லமாக ஓர் அடி வைத்தாள்.

"ஆனா, அவரு நெனச்சா ஒரே தடவையில சரியாக்கிருக்கலாமே. எதுக்கு ரெண்டு தடவை தொட்டாரு?" என்றார் ரொனால்டு.

பதினொரு முறை வாசித்தும் இந்தக் கேள்வி அவளுக்குத் தோன்றியதில்லை.

"தெரியலையேங்க."

"எனக்கும் தெரியல. ஆனா பாதியில போகச் சொல்லல பாரு. நின்னு, இன்னொரு தடவை கைய வச்சிருக்காரு."

அவளுக்கு நிலக்கோட்டையில் இருக்கும் அக்கா செபஸ்தியம்மாளின் நினைவு வந்தது. அக்கா மகளின் கல்யாணப் பத்திரிகையில் தன் பெயர் விட்டுப்போனதென்று, பந்தியிலேயே சகாயராணி வாய்க்கு வந்தபடி பேசிவிட்டாள். மறுமாதம் மன்னிப்புக் கேட்கப் போனபோது அக்கா முகம் கொடுக்கவில்லை. 'என் கடமை முடிஞ்சது' என்று திரும்பியவள், இரண்டு ஆண்டுகளாக அந்தப் பக்கமே போகவில்லை.

"ஆண்டவரே, ஒரு தடவை போனதையே பெருசா நெனச்சுட்டேன்" என்று முணுமுணுத்தாள். ரொனால்டு அவள் கையைப் பிடித்துக்கொண்டார்.

அன்றைக்கே நிலக்கோட்டைக்கு ஒன்பது மணி பஸ்ஸில் ஏறினாள்.

செபஸ்தியம்மாள் வீட்டுக்குள் உட்கார்ந்து மல்லிகை கட்டிக்கொண்டிருந்தாள். தங்கையைப் பார்த்ததும் தலை குனிந்துகொண்டாள். போன முறை சகாயராணி திரும்பிப் போனது இந்த இடத்தில்தான். இந்த முறை பக்கத்தில் போய் உட்கார்ந்தாள்.

"அக்கா, நான் பேசுனது தப்பு. நீ பேசலைன்னாலும் நாளைக்கும் வருவேன்."

அக்கா இன்னும் நாலு பூவைச் சேர்த்து முடிச்சுப் போட்டாள்.

"ஆபரேஷன் பண்ணுன மனுசனத் தனியா விட்டுட்டா வந்த?" என்றாள் அக்கா, நிமிராமலே.

"ஒனக்கு எப்படித் தெரியும்?"

"தெரியாமத்தான் தெனமும் அவருக்காக ஜெபிக்கிறேனாடி?" பூவை ஒதுக்கிவிட்டுத் தங்கையை இழுத்து அணைத்துக்கொண்டாள்.

சாப்பிட்டு முடித்ததும் சகாயராணி கணவருக்குப் போன் போட்டாள்.

"ஏங்க, சாயங்காலம் அக்காவும் என்கூட வருது."

"வரட்டும், வரட்டும்" என்றார் ரொனால்டு. "நான் இப்பவே உலை வைக்கிறேன்."