மாப்பிள்ளை இல்லாத நிக்காஹ்

முந்தல் சந்தியில் கலியாண வீடியோ எடுக்கும் ஹஸ்மியின் கடைக்கு அஸ்ரியா வந்து சேர்ந்தபோது லுஹர் தொழுகை நேரம் தாண்டியிருந்தது. ஆலங்குடாவிலிருந்து இரண்டு பஸ் மாறி வந்தவள், கைப்பையிலிருந்து தன் கலியாண வீடியோ இறுவட்டை எடுத்து நீட்டினாள்.

“இதுல இனாஸ் வாற இடமெல்லாம் வெட்டித் தாங்க, நானா. வாப்பா மட்டும் இருந்தாப் போதும்.”

இனாஸ் தலாக் சொல்லி இரண்டு வருடம். வாப்பா முத்தலிபு மௌத்தாகி நாற்பது நாள். கமராவைக் கண்டாலே ஒதுங்கிவிடும் மனிதர். இந்த இறுவட்டைத் தவிர அவர் குரல் வேறெங்கும் பதிவாகவில்லை. நிக்காஹ் வேளையில் அஸ்ரியா பெண்களோடு உள்ளறையில் இருந்தாள். பிறகு வீடியோவைப் போட்டுப் பார்த்த நாட்களிலோ அவள் கண்ணுக்கு மாப்பிள்ளை மட்டுமே தெரிந்தான்.

“மாப்புளய வெட்டினா மிஞ்சுறது விருந்துச் சவன் சோறுதான், தங்கச்சி” என்று சிரித்த ஹஸ்மி, அவள் சிரிக்காததைக் கண்டு செருமிக்கொண்டார். “முதல் வெட்டு லேசு. வெட்டி ஒட்டி முடிச்சதைத் திரும்ப வெட்டுறதுதான் பாடு. தைச்ச சட்டையைப் பிரிக்கிற மாதிரி, துணி மிச்சமிருக்காது.”

மணமேடை போயிற்று, ஊர்வலம் போயிற்று. மூன்று மணித்தியாலப் படம் பதினொரு நிமிடமாகச் சுருங்கியபின் நிக்காஹ் வந்தது. மகளை மணமுடித்துக் கொடுக்கும் வலியாக வாப்பா, மாப்பிள்ளையின் கையைப் பற்றியபடி அமர்ந்திருந்தார். ஹஸ்மி படத்தைப் பெருப்பித்து வாப்பாவின் முகத்தை மட்டும் நிறுத்தினார். மாப்பிள்ளையின் குரலை அடைத்தார்.

“என் மகள் அஸ்ரியாவை உங்களுக்கு நிக்காஹ் செஞ்சு தந்தேன்.”

குரல் நடுங்கியது. அதன்பின் நிசப்தம். வாப்பா யாரையோ பார்த்தபடி, பதிலுக்காகக் காத்திருந்தார். பிறகு காரணமே இல்லாமல் கண் கலங்கினார்.

“நல்லா வந்திருக்கு, என்ன?” என்றார் ஹஸ்மி.

அஸ்ரியா இன்னொரு முறை போடச் சொன்னாள். வெறுமையிடம் மகளை ஒப்படைத்துவிட்டுப் பதிலுக்கு ஏங்கும் கிழவர். வீட்டில் அவளும் நாற்பது நாளாக அப்படித்தான், எதையாவது சொல்லிவிட்டு மறுமொழிக்காக நின்றுவிடுகிறாள்.

“அவர்ட பதிலைத் திரும்பப் போடுங்க, நானா.”

“முகத்தையுமா?”

“ஓம், முகத்தையும். வாப்பா ஆரோடயாவது கதைக்கட்டும்.”

ஹஸ்மி வெட்டிய துண்டைத் திரும்ப ஒட்டினார்.

“கபூல் செஞ்சுகிட்டேன்” என்று சம்மதம் சொன்னான் இனாஸ். வாப்பா நீளமாக மூச்சுவிட்டார். இறுகியிருந்த தோள்கள் தாழ்ந்தன. அஸ்ரியா கதிரையைத் திரைக்குக் கிட்ட இழுத்துக்கொண்டாள்.