காருக்கு இடம் தேடிய ஊர்

அந்த ஊரில் பக்கத்து வீட்டுக்கு உப்பு கேட்கப் போகிறவர்களும் காரில்தான் போவார்கள். பிள்ளைகள் நடக்கப் பழகுவதற்கு முன்பே ரிவர்ஸ் எடுக்கப் பழகிவிடுவார்கள். அப்பேர்ப்பட்ட ஊருக்கு இருபத்தாறு வருடம் கழித்து மறுபடியும் பயணிகள் ரயில் விட்டார்கள். ஆறு மாதம் வெள்ளோட்டம். கடைசி நாள் காலையில் அதிகாரி ஒருவர் வந்து தலை எண்ணுவார். நாற்பது பேர் ஏறவில்லையென்றால் மறுநாளிலிருந்து ரயில் கிடையாது.

அந்த ரயிலின் கார்டம்மாவுக்குக் கால் ஓய்ந்து, நாக்கும் ஓய்ந்துவிட்டது. முடிவெட்டும் கடை, பள்ளிக்கூடம், பல் டாக்டர் என்று, ரயிலில் வரச்சொல்லி அவர் படியேறாத இடமில்லை. "வராம இருப்போமா?" என்று எல்லோரும் தலையில் அடித்துச் சத்தியம் செய்தார்கள். கார் மெக்கானிக்கான அவர் புருஷன் மட்டும், "ஊரையே ரயில்ல ஏத்திட்டா நான் யாருக்கு பிரேக் பார்க்கிறது?" என்றார். ஆனாலும் தினமும் கார்டம்மாவை ஸ்டேஷனில் கொண்டுவந்து விடுவது அந்த மனுஷன்தான். காரில்.

அந்தக் கடைசி நாளும் வந்தது. எட்டு பத்துக்கு ரயில் கிளம்ப வேண்டும். எட்டு ஐந்துக்கு நடைமேடையில் பதினோரு பேரும் ஒரு பூனையும் நின்றார்கள். அதிகாரி பூனையை விட்டுவிட்டு எண்ணினார்.

அப்போது வெளியே ஹாரன் சத்தம் காதைக் கிழித்தது. கார்டம்மா மதில்மேல் எட்டிப் பார்த்தார். ஊரே வந்திருந்தது, காருக்கு ஒருவராக. ஸ்டேஷன் வாசலில் எட்டு கார் நிற்கலாம். மற்றவை செக்குமாடு மாதிரி சுற்றிச் சுற்றி வந்தன.

நாலாவது சுற்றில் பல் டாக்டர் தலையை நீட்டினார். "கார்டம்மா, அங்க போடலாமா?"

"அது தண்டவாளம் டாக்டர்! தெருவுல போட்டுட்டு ஓடி வாங்க!"

"வெயில்ல வண்டி சூடாயிடுமே!"

"நான் ஆறு மாசமா சூடாத்தான் இருக்கேன், வாங்க!"

மணி எட்டு பத்து. எஞ்சின் ஓட்டும் தம்பி தலையை வெளியே நீட்டினான். "அக்கா, நேரமாச்சு. கொடியக் காட்டு."

முப்பத்து மூன்று வருட வேலையில் கார்டம்மா ஒரு நிமிடம்கூட ரயிலைத் தாமதிக்க விட்டதில்லை. சூரியனே அக்காவைக் கேட்டுத்தான் உதிக்கும் என்பான் தம்பி. இன்றைக்கு அந்தக் கொடி சுருட்டியபடி அவர் கக்கத்தில் இருந்தது.

"என்னம்மா, கொடி?" என்றார் அதிகாரி.

"சிக்கிக்கிச்சு சார்."

"எதுல?"

"கையிலதான்."

பள்ளிக்கூடத்தை விட்டபின் ஓடியே அறியாத ஜனங்கள் தொப்பையைப் பிடித்துக்கொண்டு ஓடி வந்தார்கள். பாதி வழியில் நின்று, கார் பூட்டியதா என்று திரும்பிப் பார்த்துவிட்டு மறுபடி ஓடினார்கள். பதினோரு நிமிடம் ஆனது. கார்டம்மா கொடியை விரித்தார்.

ரயில் நகர்ந்ததும் அதிகாரி கார்டு பெட்டிக்கு வந்து உட்கார்ந்தார். "நாப்பத்து மூணு பேர். ரயில் பொழச்சுது, இன்னும் ஆறு மாசம் ஓடும். ஆனா தாமதத்துக்கு உங்களுக்கு மெமோ தராம இருக்க முடியாதும்மா."

"தாங்க சார். பதினோரு நிமிஷம்னு சரியா எழுதுங்க. பாவம் பார்த்துப் பத்தாக்கிடாதீங்க."

சொன்ன பிறகுதான் இன்னும் ஆறு மாதம் என்பது அவர் மண்டையில் ஏறியது. மறுபடியும் அதே படிகள், அதே சத்தியங்கள். கார்டம்மா பெஞ்சில் சாய்ந்தார்.

பல் டாக்டர் வேர்வையைத் துடைத்தபடி எட்டிப் பார்த்தார். முகமெல்லாம் சிரிப்பு. "ஜன்னல் வழியா பார்த்தா நம்ம ஊர் நல்லாத்தான் இருக்கு கார்டம்மா!"

"அப்ப நாளைக்கும் வாங்க."

"கண்டிப்பா! நீங்க மட்டும் காலையில சீக்கிரமா போய், மரத்தடியில என் காருக்கு ஒரு இடம் பிடிச்சு வெச்சிட்டீங்கன்னா..."

அடுத்த ஸ்டேஷன் வர நான்கு நிமிடம் இருந்தது. அதுவரைக்கும் கார்டம்மா கண்ணை மூடிக்கொண்டார்.