காய்ந்த பக்கம்

எங்கள் சலவைக்கூடத்தில் தரையில் ஒரு கோடு போட்டிருப்பார்கள். கோட்டுக்கு இந்தப் பக்கம் துவைப்பு, அந்தப் பக்கம் மடிப்பு. ஓட்டல்களிலிருந்து வரும் படுக்கை விரிப்புகளைத் தொட்டியில் ஊறவைத்து, கறை தேய்த்து, இயந்திரத்தில் போடுவது எங்கள் வேலை. இஸ்திரி உருளையில் நசுங்கிச் சுடச்சுட வருவதை மடித்து அடுக்குவது அவர்கள் வேலை. நான் சேர்ந்ததிலிருந்தே ஈரப் பக்கம்தான். கோட்டைத் தாண்டிக் காய்ந்த பக்கம் போனவர்கள் கொஞ்சம் பேர்தான். போனவர்கள் யாரும் திரும்பி வந்ததில்லை.

கையில் கரப்பான் புண் வந்தது அந்தத் தொட்டியில்தான். முதலில் விரல் இடுக்கில் பொடிப்பொடியாகக் கொப்புளம். அரிப்பு என்றால் சொறிந்தால் அடங்குகிற அரிப்பில்லை, தோலுக்கு உள்ளே யாரோ உட்கார்ந்து சுரண்டுகிற மாதிரி. பிறகு தோல் தடித்தது, வெடித்தது. விரலை மடக்கினால் வெடிப்பு வாயைத் திறக்கும். ரப்பர் கையுறை போட்டுப் பார்த்தேன். உள்ளே வியர்த்து ஊறி இன்னும் மோசமானது. டாக்டர் ஒரு களிம்பு எழுதிக் கொடுத்துவிட்டு, "தண்ணியிலயும் சோப்புலயும் கை வைக்காம இருங்கம்மா" என்றார். சரிங்க என்று சொல்லிவிட்டு மறுநாள் வேலைக்குப் போனேன்.

களிம்பு தீர்ந்ததும் வைத்தியத்தை என் வீட்டுக்காரர் எடுத்துக்கொண்டார். அவருக்கு ஒரு கிடங்கில் லாரிக்கு மூட்டை ஏற்றும் வேலை. அந்தக் கிடங்கில் மூட்டை தூக்குகிறவன் எல்லாம் வைத்தியன். ஆளுக்கொன்று சொல்லி அனுப்புவார்கள். ஒருநாள் வினிகரோடு வந்து என் கையில் ஊற்றினார்.

"எரியுதா?"

"எரியுது."

"அப்ப வேலை செய்யுதுன்னு அர்த்தம்."

"உங்க கையிலயும் ஊத்திக்குங்க. என்ன வேலை செய்யுதுன்னு தெரியும்."

கயிறு அறுத்த காயம் அவர் உள்ளங்கையில் இருந்தது. ரோஷத்தில் ஊற்றிக்கொண்டார். அடுப்படிக்கும் வாசலுக்குமாக ஒரு குதி குதித்தார் பாருங்கள், அன்றைக்கு இரண்டு பேரும் வயிறு வலிக்கச் சிரித்தோம். அடுத்து மஞ்சள் பூசினார். மறுநாள் நான் பிரித்துப் போட்ட துண்டுகளில் எல்லாம் மஞ்சள் விரல்கள். சூப்பர்வைசர் அம்மா என்னைத் தனியாகக் கூப்பிட்டுத் திட்டினார். ஒவ்வொரு விரிப்பையும் வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பதால் அவருக்குப் பூதக்கண்ணாடி என்று பேர் வைத்திருந்தோம்.

அந்தப் பூதக்கண்ணாடிதான் ஒருநாள் தொட்டிப் பக்கம் வந்தார். மடிப்பு மேசையில் நின்ற அக்கா வேலையை விட்டுவிட்டு மகள் வீட்டோடு போகிறாராம்.

"நீ ரொம்ப நாளா இங்கயே ஊறிக்கிட்டு இருக்கே. வர்ற வாரத்துக்கு அடுத்த திங்கக்கிழமை மேசையில நின்னு பாரு. ஒரு பொட்டு கறை விழுந்தாலும் ஓட்டல்காரன் மொத்தக் கட்டையும் திருப்பி அனுப்பிடுவான். தெரியும்ல? கை எப்படி இருக்கு?"

கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, "ஆறிடுச்சுங்க" என்றேன்.

காய்ந்த பக்கம் போனால் கை தானாக ஆறும். ஆனால் ஆறின கையோடு வந்தால்தான் காய்ந்த பக்கம். வழியெல்லாம் இதையே நினைத்துக்கொண்டு வீட்டுக்கு நடந்தேன்.

சேர்த்து வைத்திருந்த லீவு முழுவதையும் நடுவில் இருந்த அந்த வாரத்தில் எடுத்துவிட்டேன். வீட்டில் எனக்குத் தண்ணீரே காட்டவில்லை என் வீட்டுக்காரர். துணி அவர் துவைத்தார். பாத்திரமும் அவர்தான். அவர் கழுவின தட்டைப் பார்த்தே முந்தின நாள் என்ன சாப்பிட்டோம் என்று சொல்லிவிடலாம். ஓட்ஸைத் துணியில் முடிந்து வெதுவெதுப்பான தண்ணீரில் பிழிந்து, பால் போல வந்ததில் என் கைகளை வைக்கச் சொன்னார். பிறகு துடைக்காமல் ஒற்றி எடுத்து, ஈரம் இருக்கும்போதே தேங்காய் எண்ணெய். அதன்மேல் பழைய பருத்திக் காலுறை, இரண்டு கைக்கும்.

"அம்மா கையில சாக்ஸ், அப்பா கையில பாத்திரம்" என்று என் மகள் கேலி செய்தாள். அவளுக்கு நான் தலைவாரினால் பிடிக்காது. என் தோல் முடியில் சிக்கி இழுக்கும். வாரக் கடைசியில் வாரிவிட்டேன். தலையை இழுத்துக்கொள்ளாமல் உட்கார்ந்திருந்தாள். "இன்னைக்குக் குத்தலம்மா" என்றாள்.

குத்தவில்லைதான். வெடிப்பெல்லாம் மூடி, வெங்காயச் சருகு மாதிரி மெல்லிசாகப் புதுத்தோல் வந்திருந்தது. என் கையை நானே தடவிப் பார்த்துக்கொண்டேன், அடுத்தவர் கையைத் தொடுகிற கூச்சத்தோடு.

திங்கட்கிழமை காலையில் காலுறையைக் கழற்றித் தண்ணீர் குடித்தேன். டம்ளரில் என் ஐந்து விரல் தடமும் எண்ணெயாக ஒட்டியிருந்தது. விரிப்பில் படக்கூடாத கறை எண்ணெய்தான். சூட்டில் பட்டால் ஜென்மத்துக்கும் போகாது. துணியால் துடைத்தேன். முகர்ந்தால் வாசம் இருந்தது. மறுபடி துடைத்தேன். அப்புறம் வெந்நீர் வைத்து, அதில் சலவைத்தூளைப் போட்டு, விரிப்புக்கு என்ன செய்வேனோ அதையே கைக்கும் செய்தேன்.

என் வீட்டுக்காரர் வந்து பார்த்து நின்றுவிட்டார். "என்னம்மா பண்றே?"

"எண்ணெய் போகணும்ல."

"அதுக்கு இப்படியா? துடைச்சா போதாதா?"

"துடைச்சாப் போகாதுங்க. என் வேலை இது, எனக்குத் தெரியும்."

கை சுத்தமாக இருந்தது. தடவினால் கிரீச்சென்று சத்தம் வந்தது.

மேசையில் எனக்கு எதிர்முனை பிடித்தவளை எல்லோரும் ரேடியோ என்பார்கள். "வாங்க வாங்க, கரை ஏறிட்டீங்களா?" என்று வரவேற்றாள். இரண்டு முனையைப் பிடி, உதறு, மடி, நடந்து போய் அவள் கையில் கொடு. நடனம் மாதிரி இருந்தது. காலடியில் தண்ணீர் இல்லை. யாரும் யாரிடமும் கத்த வேண்டியதில்லை. முதல் சில கட்டுகள் போவதே தெரியவில்லை.

விரிப்புகள் உருளையிலிருந்து கொதிக்கக் கொதிக்க வந்தன. சூடான துணி, கையில் இருக்கிற ஈரத்தையெல்லாம் உறிஞ்சிக்கொள்ளும் என்று எனக்குத் தெரியாது. தோல் இழுத்துப் பிடித்தது, காய்ந்த பசை மாதிரி. அரிக்க ஆரம்பித்தது. மேசை விளிம்பில் ரகசியமாகத் தேய்த்துக்கொண்டேன். ஒரு விரிப்பை உதறும்போது கட்டைவிரல் கணுவில் சுருக்கென்றது.

விரிப்பில் கடுகளவு ரத்தம்தான். ரேடியோ பார்த்துவிட்டாள். வாயை மூடிக்கொண்டாள். நான் அந்த இடத்தை உள்ளே வைத்து மடித்தேன். அடுத்த விரிப்பில் கடுகு இரண்டாயிற்று.

பூதக்கண்ணாடி வந்து அடுக்கிலிருந்து ஒன்றை உருவி வெளிச்சத்தில் பிடித்தார்.

"கையைக் காட்டு."

காட்டினேன். விரல் விரலாகப் பிரித்துப் பார்த்தார்.

"ஆறிடுச்சுன்னியே."

"ஆறித்தாங்க இருந்துச்சு. காலையில கூட."

"நான் என்னம்மா பண்றது? கட்டு திரும்பி வந்தா என்னைத்தான் கேப்பாங்க."

"ஒரு வாரம் கழிச்சு வரட்டுங்களா?"

"மேசையைக் காலியாப் போட முடியாதும்மா. வேற ஆள் கேட்டுக்கிட்டே இருக்கு." விரிப்புகளைச் சுருட்டி என் கையில் கொடுத்தார். "காயறதுக்குள்ள நனைச்சிடு."

கோட்டைத் தாண்டி இந்தப் பக்கம் வந்தேன். தொட்டியில் எனக்கு இடம் விட்டார்கள். ரத்தத்துக்கு முதலில் பச்சைத் தண்ணீர், அப்புறம் சோப்பு, அப்புறம் பிளீச். மணிக்கட்டு வரைக்கும் கையை உள்ளே விட்டு அலசினேன். பல்லைக் கடித்துக்கொண்டால் எரிச்சல் கொஞ்ச நேரத்தில் மரத்துப் போகும். சாயங்காலத்துக்குள் கறை இருந்த இடம் எனக்கே தெரியவில்லை.

என் வீட்டுக்காரர் கேட் பக்கம் நின்றிருந்தார். அவர் வேலை முடிய இன்னும் நேரம் இருந்தது. சொல்லிவிட்டு வந்திருப்பார் போல.

"என்னாச்சு?"

கையை நீட்டினேன். வாரம் முழுக்க அவர் பார்த்துப் பார்த்து வளர்த்த தோல். பார்த்துவிட்டு வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். காலையில் அவர் சொன்னதை எடுத்துச் சொல்லிக் காட்டியிருக்கலாம். சொல்லவில்லை. பாதி வழியில் என் பக்கம் திரும்பினார்.

"கிடங்குல ஒருத்தர் சொன்னாரு. உருளைக்கிழங்கைச் சீவி வச்சுக் கட்டணுமாம்."

"சரிங்க."

"எரியாதாம்."

"சரி."

வீட்டுக்கு வந்ததும் சட்டையைக்கூடக் கழற்றாமல் கிழங்கோடு உட்கார்ந்தார். கைகளை மேசைமேல் விரித்து வைத்தேன். சீவினதை அள்ளி ஒவ்வொரு விரலாக அப்பினார். எரிந்தது.

"இதமா இருக்கா?"

"இருக்கு."

காலையில் ஏழு மணிக்குத் தொட்டியில் நிற்க வேண்டும். அவருக்கும் அது தெரியும். இன்னொரு கிழங்கை எடுத்துத் தோல் சீவ ஆரம்பித்தார்.